வாளுக்குப் பின்னால் வேண்டிய இடம்

மரவேலை மெசின் விற்கிறவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. கேள்வியை நான் கேட்பேன், பதிலை என் கணவருக்குச் சொல்வார்கள். என் கணவர் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். அவரைத்தான் கல்முனைக் கடைத்தெரு முழுக்க "சேர், சேர்" என்று கூப்பிட்டு உட்கார வைத்து, குளிர்ந்த சோடாவும் உடைத்துக் கொடுத்தது. அபாயாவோடு பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு கதிரையைக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்தக் கடைக்காரர்களில் பாதிப்பேரின் தங்கச்சிமாருக்கும் மகள்மாருக்கும் கணிதம் படிப்பித்தவள் நான். இன்னும் படிப்பித்துக்கொண்டிருக்கிறவள்.

நான் தேடிப்போனது ஒரு ஸ்லைடிங் மைட்டர் சோ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்ட வாள் ஒன்று ஒரு கையில் தொங்கும். பலகையைக் கீழே வைத்து அதை இறக்கினால் குறுக்கே நேராக வெட்டும். அடித்தட்டைத் திருப்பினால் சரிவாகவும் வெட்டும். சாதாரண மெசினில் வாள் மேலும் கீழும் மட்டும்தான் போகும், ஆகவே ஒடுக்கமான சட்டங்களோடு அதன் வீரம் முடிந்துவிடும். ஸ்லைடிங் என்றால் அதே வாள் இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் ஓடும். ஒரு அடி அகலப் பலகையையும் ஒரே ஓட்டத்தில் அறுத்துப் போட்டுவிடும்.

"இந்தக் கம்பி முழுக்க வெளியால வந்தா வாள் ஆடுமா?" என்று கேட்டேன். மெசின் ஒன்றின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்க்கத்தான் கேட்டது.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். "சேர், இதுல லேசர் லைட் இரிக்கி."

"லைட் கிடக்கட்டும். வாள் ஆடுமா ஆடாதா?"

"எங்க வெட்டுற எண்டு செவப்புக் கோடு விழும் சேர். லேசா வெட்டலாம்."

என் கணவர் தலையாட்டினார். அவருக்கு அந்தச் சிவப்புக் கோடு மிகவும் பிடித்துப்போனது. குழந்தைகள் சந்தையில் பீப்பீ வாங்குகிற மாதிரி ஒரு மெசினை வாங்குகிற கூட்டம் இது. நான் கைப்பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து வாளுக்கும் தட்டுக்கும் இடையில் வைத்துப் பார்த்தேன். வாள் சரிந்து நின்றது. நடுவில் சந்திரன் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. "இது நேராயில்ல" என்றேன். கடைக்காரர் இரக்கத்தோடு சிரித்து, "டீச்சருக்கு மட்டம் கொண்டுதிரியிற பழக்கம்போல சேர்" என்று என் கணவருக்கே சொன்னார். திரும்பி வந்துவிட்டேன். சோடாவைக் குடித்து முடித்த பிறகு அவரும் வந்தார்.

நான் மரவேலை தொடங்கியதற்கு எங்கள் ஊர்த் தச்சர்களுக்கு, ஓடாவிமாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். குசினியில் சட்டிபானை வைக்க ஒரு தட்டு அடிக்கச் சொல்லி ஒருவரைப் பிடித்தேன். "நாளைக்கு வாறன்" என்றார். எங்கள் ஊரில் ஓடாவி சொல்லும் நாளைக்குக் கலண்டரில் இடமில்லை. கடைசியில் நானே வாள் வாங்கி, போனில் வீடியோ பார்த்து, கையை வெட்டிக்கொண்டு, அந்தத் தட்டை அடித்தேன். கோணலாகத்தான் வந்தது. இரண்டாவது தட்டு நேராக வந்தது. பிறகு வளவின் பின்பக்கத்தில் நெல்மூட்டை போட்டு வைத்திருந்த கொட்டிலைத் துப்புரவாக்கி, ஒரு மேசையும் போட்டு, அதை என்னுடையதாக்கிக்கொண்டேன். பாடசாலை விட்டு வந்து, அஸர் தொழுதுவிட்டு அதற்குள் போனால் மஃரிப் வரைக்கும் என்னை ஒருவரும் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டாலும் கேட்காது. அந்த நேரம் முழுக்க நான் யாருக்கும் உம்மாவுமில்லை, டீச்சருமில்லை. அல்லாஹ் தந்த பெரிய நிஃமத்து அது.

அந்தக் கொட்டிலில் பலாப் பலகைகள் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அடி அகலம், மஞ்சள் ஓடிப்போய்ப் பார்க்கவே ஆசையாக இருக்கும். என் ஒரே மகளின் கல்யாணக் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் என்று வாங்கி அடுக்கியவை. தளபாடக் கடைகளில் செட்டாக விற்கிறார்களே, மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்தி, மேலே மரத்தின் படத்தை ஒட்டி, கண்ணாடியும் பூவும் வைத்து. ஒரு மாரி மழை போதும், ஈரம் ஏறி அப்பம் மாதிரி உப்பிவிடும். அதை ஊர்வலமாக லொறியில் ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளை அப்படிப்பட்ட ஒன்றில் படுக்கக்கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பெரிய ஆசை. அதற்காகத்தான் அந்த மெசின்.

ஆனால் ஸ்லைடிங் மெசினில் ஒரு வில்லங்கம் உண்டு. வாள் பின்னால் போகும்போது அந்த இரண்டு கம்பிகளும் முதுகுப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. மெசின் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு இடம் அதற்குப் பின்னால் சும்மா கிடக்க வேண்டும். என் கொட்டில் நீளம், ஆனால் ஒடுக்கம். பின்சுவரை உடைத்து இரண்டடி தள்ளிக் கட்டினால்தான் பெரிய மெசின் நிற்கும். கம்பி பின்னால் நீட்டாத மாதிரி ஒரு இனம் இருக்கிறதாம், அது கல்முனையில் எந்தக் கடையிலும் இல்லை. மற்றது ஸ்லைடிங் இல்லாத சின்ன மெசின். அதைக் கையில் தூக்கலாம். என் பலகையில் பாதியைத்தான் அது வெட்டும், பிறகு பலகையைப் புரட்டிப்போட்டு மற்றப் பாதியை வெட்ட வேண்டும், நடுவில் ஒரு படி விழும். படி விழுந்த கட்டிலை நான் என் மகளுக்குக் கொடுப்பேனா?

சுவரைத் தள்ளிக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் தொடங்கினார்கள் ஆளுக்கு ஆள். முதலில் வந்தவர் என் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர். கட்டாரில் சாரதியாக இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு மெசினையும் தொட்டதில்லை, ஆனால் உலகத்தில் உள்ள எல்லா மெசினைப் பற்றியும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

"சின்னத வாங்கு தங்கச்சி" என்றார். "நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ள வந்தா அந்தக் கொட்டில் நிக்கிமா? சின்னதெண்டாத் தூக்கிக்கிட்டுப் போய் எங்கயும் வைக்கலாம்."

"ஏன் காக்கா, நான் என்ன ஐஸ்பழமா விக்கப் போறன், தூக்கிக்கிட்டுத் திரிய?"

"கோவிக்காத. பொம்புளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெசின் எண்டுதான் கேக்கன்."

"பலகை அகலம் காக்கா. நான் பொம்புள எண்டு சொன்னா அது ஒடுங்குமா?"

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். என் கணவர், "காக்கா சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இரிக்கி" என்றார். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம்தான் என் கணவரின் நியாயம் இருக்கும். முப்பது வருடம் கச்சேரியில் அப்படித்தான் வண்டியோட்டினார்.

காக்கா சொன்னதன் அர்த்தம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் பெண் கல்யாணம் முடித்து வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பேருக்கு எழுதப்படும். எனக்கு இந்த வீடு என் உம்மாவிடமிருந்து அப்படித்தான் வந்தது. இனி என் மகளுக்குப் போகும். வீட்டைக் கொடுத்த தாயும் தகப்பனும் பின்பக்கத்து அறையொன்றுக்கு ஒதுங்குவார்கள். ஆனால் ஒதுங்குவது படுக்கைதான். சமையல், பேரப்பிள்ளை, கழுவல், துடையல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், தாயின் தலையில். வீட்டைக் கொடுக்க எனக்கு ஒரு கவலையுமில்லை. எடுத்துக்கொள்ளட்டும். கொட்டில் வளவின் மூலையில் தனியாக நிற்கிறது, அதைப் போய் யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் இருந்தேன்.

மாப்பிள்ளையும் வந்தார். அதாவது, அவருக்கு முன் அவருடைய உம்மா வந்தார். பொடியன் கொழும்பில் ஒரு கம்பனியில் எஞ்சினியர், குடும்பம் அக்கரைப்பற்று. மகளும் அவனும் போனில் கதைத்துப் பிடித்துப்போய், அது முற்றாகி, வீடு பார்க்க என்று ஒரு வான் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள்.

வீடு பார்ப்பது என்று பெயர்தான். வந்தவர்கள் பைப்பைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்த்தார்கள். கதவைத் தட்டிச் சத்தம் கேட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பிளக் இருக்கிறது என்று கண்ணால் எண்ணினார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனுக்காவது கொஞ்சம் வெட்கம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு "மாஷா அல்லாஹ்" வேறு. நான் வைத்த வட்டிலப்பப் பலகாரத்துக்கு இரண்டு. என் கணவர் வாசலில் நின்று, பார்க்காத அறை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று அவர்களுக்கே உதவி செய்துகொண்டிருந்தார்.

கொட்டிலுக்கும் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா மூக்கை முக்காட்டு நுனியால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது ஆருட வேலை?"

"என்ட."

"அல்லாஹ்வே! டீச்சர் எண்டாங்க?"

"டீச்சரும்தான்."

அவர் கொட்டிலின் நீளத்தைக் காலடியால் அளந்தார். என் கண்ணுக்கு முன்னால். "இத உடைச்சா மகன்ட கார் இதுல வடிவா நிக்கும்" என்று தன் மகளிடம் சொன்னார்.

"எந்தக் கார்?" என்று நான் கேட்டேன். வானில் வந்து இறங்கியதைத்தான் நான் பார்த்திருந்தேன்.

"வாங்குவாரு, இன்ஷா அல்லாஹ்."

எருமை வாங்க முன்னே நெய்க்கு விலை பேசுகிற ஆட்கள். இல்லாத காருக்கு இருக்கிற கொட்டிலை உடைக்க வேண்டுமாம். "இது நான் வேலை செய்யிற இடம். இதுல கார் நிக்காது" என்றேன். நல்ல தெளிவாகத்தான் சொன்னேன், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரலில்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, "ஏன்கா, மகள் உங்களுக்குச் சொல்லல்லையா? இத உடைச்சிப்போட்டுக் கார் விடலாமெண்டு அவதானே மகனுக்கிட்டச் சொல்லியிரிக்கா" என்றார்.

வட்டிலப்பம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். வான் கேற்றைத் தாண்டியதும் குசினிக்குப் போனேன். மகள் பீங்கான் கழுவிக்கொண்டு நின்றாள். வங்கியில் வேலை பார்க்கிறவள், நிதானமானவள், யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள்.

"கொட்டில உடைக்கலாமெண்டு நீயா புள்ள சொன்ன?"

"ஓம் உம்மா." தண்ணீரை நிறுத்தக்கூட இல்லை. "சொன்னா என்ன? என்ட வீடுதானே."

அதில் ஒரு திமிரும் இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே என்கிற மாதிரிச் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்லவும் ஏலாது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே அதைத்தான் சொல்லித் தீத்துவார்கள். "இது ஆருட வீடு? என்ட மகள்ட வீடு. இந்தக் கதவு ஆருட? என்ட மகள்ட." அந்தப் பாட்டில் கொட்டிலைத் தவிர்த்துப் பாட யாருக்குத் தோன்றும்?

"கட்டில் செய்ய வேணாமா அப்ப?" என்றேன்.

"கட்டில நீங்க செஞ்சி முடிங்க உம்மா. மறுகா உடைப்பம். அவசரமில்ல." பீங்கானைத் துடைத்து அடுக்கினாள். "மறுகா உங்களுக்கு எங்க நேரம் வரப்போகுது? நான் வேலைக்குப் போனா ஆரு சமைக்கிற? அவருக்கும் வீட்டுச் சாப்பாடுதான் வேணுமாம்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சொல்வார்கள். இங்கே வீடும் என்னுடையது, நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது. அள்ளிக் கொடுப்பது மட்டும் எல்லாரும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பீங்கானையெல்லாம் போட்டு உடைத்திருப்பேன். உடைத்தால் நான்தான் கூட்ட வேண்டும் என்பதால் விட்டேன்.

அடுத்த நாள் பாடசாலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். வேறு கடை, அதே வியாதி.

"சேர் வரல்லையா டீச்சர்?"

"சேருக்கு மரம் வெட்டத் தெரியாது. விக்கிறதெண்டா எனக்கிட்டக் கதைங்க. இல்லாட்டிச் சொல்லுங்க, நான் வேற கடைக்குப் போறன்."

கதைத்தார். கதைக்க வைத்தால் மனிதர்கள் கதைப்பார்கள். இருந்ததில் பெரியதைக் கீழே இறக்கச் சொன்னேன். வாளைக் கம்பியின் கடைசி வரைக்கும் இழுத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்தேன். கிழட்டுப் பல் மாதிரி ஆடியது. இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். அவர் முகத்தைச் சுழித்துக்கொண்டு பிரித்தார். அது ஆடவில்லை. மூலைமட்டத்தை வைத்தேன், வெளிச்சம் தெரியவில்லை. கூட வந்த வாளின் பல்லு ஐதாக இருந்தது, அது கூரைச் சட்டம் வெட்டத்தான் நல்லது, பலா மரத்தைப் பிய்த்துவிடும். பல்லு நெருக்கமான வாள் ஒன்று தனியாக எடுத்தேன். "லேசர் லைட் இதுல இல்ல டீச்சர்" என்று கவலைப்பட்டார். பென்சில் கோடு எனக்குப் போதும் என்றேன்.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும்போது, "கொட்டிலுக்கா?" என்று கேட்டார் கணவர். கொட்டிலில் அது நிற்காதே. நிற்பதானால் சுவரை உடைக்க வேண்டும். அவர்களே உடைக்கப்போகிற சுவரை நான் எதற்கு உடைத்துக் கட்ட வேண்டும்? வீட்டில் மெசினுக்கு முன்னாலும் பின்னாலும் தாராளமாக இடம் கிடந்தது நடு மண்டபம் ஒன்றுதான். அங்கே, பளபளவென்ற டைல்ஸின் மேல் மெசினை வைக்கச் சொன்னேன்.

"நடு வீட்டுக்குள்ளயா? உனக்கென்ன பைத்தியமா புள்ள?"

"உறுதி எழுதுற வரைக்கும் இது என்ட வீடு. எழுதின பிறகு வந்து சொல்லுங்க."

அவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் பலகைகளைக் கொண்டுவந்து அறுக்கத் தொடங்கினேன். சுபஹானல்லாஹ், என்ன மெசின்! இழுத்து, இறக்கி, தள்ளினால் வெண்ணெய் வெட்டுகிற மாதிரிப் போனது. வெட்டின முகத்தைக் கையால் தடவினால் வழுக்கியது. ஒரு படி கிடையாது. பலாத் தூள் மஞ்சளாகப் பறந்து சோபாவில், திரைச்சீலையில், கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்த பூச்சாடியில் எல்லாம் படிந்தது. மாப்பிள்ளை வீட்டார் திகதி குறிக்க வந்தபோது அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்தார்கள். எழும்பிப் போகும்போது எல்லாருடைய கறுப்பு அபாயாவிலும் பின்பக்கம் மஞ்சளாக இருந்தது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படிச் சந்தோசமாக நான் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

அதற்கிடையில் செய்ய வேண்டியதை நான் ஓசைப்படாமல் செய்து முடித்திருந்தேன். சம்மாந்துறையில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்திக்குத் தாய்வழியில் வந்த சின்ன அரிசி ஆலை ஒன்று மூடிக் கிடக்கிறது. அதன் களஞ்சிய அறை நீளமும் அகலமும். பக்கத்தில் ஒரு சின்ன அறை, குசினி, கிணறு. வாடகைக்குப் பேசி, கூட்டிக் கழுவி, பூட்டின் திறப்பையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை கட்டிலின் தலைமாட்டுப் பலகையை வெட்டிக்கொண்டிருந்தேன். நீளப் பலகை, அந்தப் பக்கம் தொங்கி ஆடியது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே போய் அடுத்த நுனியைத் தாங்கிப் பிடித்தாள். வெட்டி முடித்து மெசினை நிறுத்தினேன். வெட்டின முகத்தை அவளும் தடவிப் பார்த்தாள்.

"வடிவா இரிக்கி உம்மா" என்றாள். பிறகு, "இந்த மெசின கட்டில் முடிஞ்சா எங்க கொண்டு போவீங்க?"

"சம்மாந்துறையில ஒரு இடம் எடுத்திரிக்கன்."

"சம்மாந்துறைக்கா? ஒவ்வொரு நாளும் போய் வருவீங்களா?"

"வரமாட்டன். அங்கதான் இரிக்கப் போறன்."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "பகிடி விடாதீங்க உம்மா. வாப்பா?"

"விருப்பமெண்டா வரட்டும். இல்லாட்டி உன்னோட இரிக்கட்டும். அவரு ஒரு கார விடக் குறைஞ்ச இடம்தான் புடிப்பாரு."

"அப்ப நான்?" அவளுடைய குரல் மாறிவிட்டது. "உம்மா, நீங்க இல்லாம நான் என்ன செய்யிற?"

"உனக்கென்ன புள்ள? உனக்குத்தான் வீடு இரிக்கே."

பலகையைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதாள். வீடென்றால் அதற்குள் உம்மாவும் சேர்த்தி என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள். கதவு, ஜன்னல், பைப்பு, உம்மா. ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தால் அந்தக் களஞ்சிய அறை அன்றைக்கே போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"கண்ணத் துடைச்சிட்டுப் பலகைய நேராப் புடி" என்றேன். "கோணினா உன்ட கட்டில்தான் ஆடும்."